ஜனவரியில் தொடக்கநிலை 1 தமிழ் வகுப்பை ஏற்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வரும் ஜனவரியில் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தொடக்கநிலை 1, 2 தமிழ் வகுப்புகளை ஏற்கவிருக்கும் உங்களுக்கும், உங்களை அந்த வகுப்புகளுக்கு அனுப்பும் தமிழ்ப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் இதை எழுதுகிறோம். "பிள்ளைங்க அடங்கவே மாட்டேங்குது" என்ற பேச்சு முதல் தவணை முடிவதற்குள் ஆசிரியர் அறையில் எழுந்துவிடும். "கொஞ்சம் கண்டிப்பா இருங்க" என்ற பதிலும் உடனே வரும். அந்தப் பதில் போதாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஏழு வயதுப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் நிலைகொள்ளாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியவை. நாம் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை என்பது ஒன்று. தங்கள் வகுப்பைவிட்டு எழுந்து, நடந்து, வேறோர் அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் சரிசெய்யக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. சரிசெய்யாமல் எவ்வளவு உயர்த்தினாலும் பயனும் இல்லை.

நடந்து வரும் நேரத்திலிருந்து தொடங்குகிறோம். ஆங்கிலமும் கணிதமும் பிள்ளைகளுக்குத் தங்கள் வகுப்பறையிலேயே நடக்கின்றன. தாய்மொழிப் பாட வேளை வந்ததும் நான்கைந்து வகுப்புகளிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் பிரிந்து வருகிறார்கள். ஒரு வகுப்பாசிரியர் நேரத்துக்கு அனுப்பியிருப்பார், இன்னொருவர் கணக்கை முடித்துவிட்டுப் போகச் சொல்லியிருப்பார். முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நடுவே ஆறேழு நிமிடம்கூட ஓடிவிடும். முதலில் வந்த பிள்ளைக்கு அந்த ஆறு நிமிடத்தில் செய்ய ஒன்றும் இல்லையென்றால் மின்விசிறி சுவிட்சும் பலகை மார்க்கரும் பக்கத்துப் பிள்ளையின் பென்சில் பெட்டியும் கண்ணில் படும். கடைசிப் பிள்ளை நுழையும்போது விளையாட்டு களைகட்டியிருக்கும். அதை நிறுத்துவதில்தான் பாடத்தின் முதல் பத்து நிமிடம் போகிறது.

அதனால் வாசலில் நில்லுங்கள். ஒரு பார்வையில் தாழ்வாரமும் தெரிய வேண்டும், அறையும் தெரிய வேண்டும். மடிக்கணினியைத் திரையோடு இணைக்கும் வேலையைப் பிள்ளைகள் வருமுன் முடியுங்கள், அல்லது அவர்கள் உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி வணக்கம் சொல்லி, பதில் வணக்கம் வந்தபின் உள்ளே விடுங்கள். தண்ணீர்ப் போத்தல்களை வாசலருகே ஒரு கூடையில் வைக்கச் செய்யுங்கள். மேசைமேல் இருக்கும் போத்தல் எப்படியும் ஒருமுறை விழும். அது உருண்டு ஓய்வதற்குள் வகுப்பின் கவனம் அதன் பின்னே போய்விடும்.

மேசையில் ஒரு தாள் காத்திருக்கட்டும். விளக்கமே தேவைப்படாத வேலையாக அது இருக்க வேண்டும்: புள்ளிகளை இணைத்து எழுத்தை வரைவது, ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு படங்களைக் கோடிட்டுச் சேர்ப்பது, நேற்றுப் படித்த சொல்லுக்கு வண்ணம் தீட்டுவது. முதல் மாதம் முழுவதும் இந்த வகைகளையே மாற்றி மாற்றிக் கொடுங்கள். புதிதாக ஒன்றைக் கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்க எட்டுப் பேர் எழுந்து வருவார்கள். அந்தத் தாளுக்கு மதிப்பெண் வேண்டாம். கடைசிப் பிள்ளை வந்து இரண்டு நிமிடம் ஆனதும், முடித்திருந்தாலும் முடிக்காவிட்டாலும், எல்லாத் தாள்களையும் வாங்கிவிடுங்கள். வாங்காமல் விட்டால் தாமதமாக வந்த பிள்ளை பாடம் முழுக்க அதற்கே வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டிக்கும் நிலைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள்.

இருக்கை அடையாளத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜனவரியில் பல பிள்ளைகளால் தமிழெழுத்தில் தங்கள் பெயரைப் படிக்க முடியாது. தமிழில் மட்டும் பெயர் ஒட்டிவிட்டு "உங்க இடத்துல உக்காருங்க" என்றால் அறையில் நெரிசல்தான் உண்டாகும். மாம்பழம், படகு, எறும்பு என்று ஆளுக்கொரு படம் ஒட்டி, கீழே பெயரைப் பெரிதாக எழுதுங்கள். மார்ச் விடுமுறை முடிந்து வரும்போது படத்தை எடுத்துவிடலாம். ஒரே வகுப்பிலிருந்து வருகிறவர்களை ஒரே மேசையில் சேர்க்க வேண்டாம். காலையில் அங்கே தொடங்கிய சண்டை உங்கள் அறையில் தொடரும். எந்தப் பிள்ளையையும் நீங்கள் நான்கைந்து அடியில் சென்றடையும்படி மேசைகளுக்கு இடையே வழி விடுங்கள். சுவரோடு ஒட்டிய வரிசையின் உட்கோடியில் இருக்கும் பிள்ளையை எட்ட முடியாது. எட்ட முடியாத பிள்ளையிடம்தான் சத்தம் போட வேண்டி வரும்.

பல பள்ளிகளில் தமிழாசிரியருக்குத் தனி அறை கிடையாது. வேறொரு வகுப்பின் அறைக்குள் வேறொருவர் ஒட்டிய சுவரொட்டிகளுக்கு நடுவே பாடம் நடத்த வேண்டியிருக்கும். அப்படியானால் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். சீவிய பென்சில் பத்து, அழிப்பான் ஐந்து, டிஷ்யூ, பெயரட்டைகள், கட்டளைப் பட அட்டைகள், மேசைவாரியாகப் பிரித்துக் கிளிப் போட்ட தாள்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். இருபத்தைந்து தாளை ஒவ்வொன்றாக நீங்களே நடந்து கொடுத்தால் மூன்று நிமிடம் போகும். முதல் மேசை வேலையைத் தொடங்கியிருக்கும்போது கடைசி மேசை சும்மா இருக்கும். மேசைக்கு ஒரு கட்டு வைத்தால் அரை நிமிடம் போதும். பென்சில் சீவ எழுந்து போகும் பிள்ளை வழியில் மூன்று மேசையில் நின்றுதான் திரும்பும். சீவிய பென்சிலைக் கொடுத்துவிட்டு மொட்டைப் பென்சிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, புரிதல். எங்கள் கணிப்பில் ஒழுங்குப் பிரச்சினை என்று பதிவாகும் பலவும் இங்கே தொடங்குகின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 27.3 விழுக்காடு. தமிழரல்லாத இந்தியர்களும் சேர்ந்த கணக்கு இது. ஆனாலும் உங்கள் வகுப்பு எப்படி இருக்கும் என்று ஊகிக்க இது உதவும். ஒரு பிள்ளை வீட்டில் நாளெல்லாம் தமிழ் கேட்கும். இன்னொன்று வார இறுதியில் பாட்டி வீட்டில் மட்டும் கேட்கும். மூன்றாவது பிள்ளைக்குத் தமிழ் என்பதே பெரும்பாலும் உங்கள் வகுப்புதான்.

இந்த மூவரிடமும் "அனைவரும் அமைதியாக அமர்ந்து பயிற்சி நூலின் ஆறாம் பக்கத்தைத் திறவுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் பிள்ளை திறக்கும். மூன்றாவது பிள்ளை பக்கத்தில் எட்டிப் பார்க்கும், ஆங்கிலத்தில் கிசுகிசுத்துக் கேட்கும். உங்கள் கண்ணுக்கு அது பேச்சாகவும் கவனக்குறைவாகவும் தெரியும். "ஏன் திரும்பிப் பேசுற?" என்ற அதட்டல் விழும். புரியாததை விசாரித்துச் சரியாகச் செய்ய முயன்ற பிள்ளைக்கு அன்று கிடைப்பது திட்டு. இப்படி நாலைந்து முறை நடந்தால் அது முயற்சியை விட்டுவிடும். அதன் பிறகு வருவது உண்மையான குறும்பு, அதை நாமே வளர்த்திருப்போம்.

கட்டளையைத் துண்டு துண்டாகச் சொல்லுங்கள். "உக்காருங்க." பொறுத்திருங்கள். "புத்தகத்தை எடுங்க" என்று உங்கள் கையிலுள்ள புத்தகத்தைத் தூக்கிக் காட்டுங்கள். பொறுத்திருங்கள். "ஆறு" என்று சொல்லிப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். வீட்டில் காதில் விழும் பேச்சுத்தமிழிலேயே கட்டளைகள் இருக்கட்டும். 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழுவே பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரச் சொன்னது. அதனால் இதில் தயக்கம் வேண்டியதில்லை.

பொறுத்திருப்பதுதான் கடினம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்த இடங்களில் பதில்கள் நீண்டன, பதில் சொல்ல முன்வந்தோரும் கூடினர். நம் பிள்ளைகள் கேட்ட தமிழை முதலில் மனத்துக்குள் புரிந்துகொள்ள வேண்டும். கேள்விக்கானாலும் கட்டளைக்கானாலும் ஐந்து நொடி கொடுங்கள். அந்த ஐந்து நொடிக்குள் அதே கட்டளையை வேறு சொற்களில் திருப்பிச் சொல்லாதீர்கள். உங்களுக்கு அது உதவி. பிள்ளைக்கோ அது இரண்டாவது புதிர்.

முதல் இரண்டு வாரத்துக்குப் பத்துக் கட்டளை போதும்: வாங்க, உக்காருங்க, எழுந்திருங்க, எடுங்க, வைங்க, பாருங்க, கேளுங்க, கை தூக்குங்க, வரிசையில நில்லுங்க, நிறுத்துங்க. ஒவ்வொன்றுக்கும் மாறாத ஒரு சைகையும் ஒரு பட அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் சொல்லும் சைகையும் சேர்ந்து வரட்டும். இரண்டாம் வாரம் சைகையை விட்டுச் சொல்லை மட்டும் கொடுத்து விளையாடுங்கள். பிள்ளைகளில் ஒருவரை ஆசிரியராக நிறுத்தி மற்றவர்களுக்குக் கட்டளையிடச் செய்யுங்கள். இது முழுக்க முழுக்கத் தமிழ்ப் பாடம்தான், கேட்டலும் பேசுதலும். 2019 முதல் தொடக்கநிலை 1, 2இல் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் இல்லை. ஆகவே இரண்டு வாரம் இதற்குச் செலவாவதால் எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் குறையப்போவதில்லை.

பிள்ளைகள் நம்மிடமும் தங்களுக்குள்ளும் பேசவும் சில வாக்கியங்கள் வேண்டும். "எனக்குப் புரியல", "இன்னொரு தடவை சொல்லுங்க", "டாய்லெட்டுக்குப் போகலாமா?", "பென்சில் தர்றியா?", "நிறுத்து, எனக்குப் பிடிக்கல." கடைசி இரண்டும் பல சண்டைகளைத் தொடங்குமுன்பே முடித்துவிடும். கேட்கத் தெரியாத பிள்ளை பறிக்கும். மறுக்கத் தெரியாத பிள்ளை அடிக்கும். ஆங்கிலத்தில் கேட்டால் திட்ட வேண்டாம், தண்டனை வேண்டாம், அபராத உண்டியல் அறவே வேண்டாம். அதையே தமிழில் நீங்கள் சொல்லி, பிள்ளையையும் சொல்ல வைத்து, கேட்டதைக் கொடுங்கள். ஆங்கிலம் பேசினால் தண்டனை என்ற வகுப்பில் பிள்ளைகள் தமிழ் பேசத் தொடங்குவதில்லை, பேசுவதையே நிறுத்துகிறார்கள். வாய் மூடியிருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கைகால் சும்மா இருக்காது.

கவனத்தைத் திருப்ப ஒரே ஓர் அழைப்பு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு தாளத்தில் கைதட்ட, பிள்ளைகள் அதையே திருப்பித் தட்டலாம். தட்டி முடித்ததும் கை மேசையில், கண் உங்கள்மேல். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். சரியாகச் செய்த இருவரைப் பெயர் சொல்லி, என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "மூடி வச்சிட்டு என்னைப் பார்க்கிறா." வெறும் "வெரி குட்" எதற்குக் கிடைத்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. பிறகு முன்பைவிடத் தாழ்ந்த குரலில் பேசுங்கள். இந்த அழைப்பு கெட்டுப்போவது ஒரே வழியில்தான். இரண்டு முறை தட்டியும் அடங்காமல், மூன்றாம் முறை தட்டி, மிச்சச் சத்தத்துக்கு மேலேயே பேசத் தொடங்குகிறோம். முதல் இரண்டும் கணக்கில் இல்லை என்று பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிக் கெட்டுவிட்டால் தாளத்தை மாற்றி, அமைதியான நேரத்தில் புதிதாகப் பழக்குங்கள்.

சிறிய வெண்பலகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நன்றாகப் பழக்கினால் இதைவிடப் பயனுள்ள கருவி இந்த வயதுக்கு இல்லை, பழக்காமல் கொடுத்தால் இதைவிடக் குழப்பமும் இல்லை. முதலில் பலகையைக் கவிழ்த்து வைக்கச் செய்யுங்கள். அடுத்து துணி. மார்க்கர் கடைசியில். மார்க்கரைத் திறந்ததும் மூடியை அதன் பின்பக்கத்தில் செருகப் பழக்குங்கள். மேசையில் வைத்த மூடி உருளும், அதைத் தேடி ஒரு பிள்ளை மேசைக்கடியில் போகும், துணைக்கு இருவர் போவார்கள். முதல் நாள் ஒரு நிமிடம் விருப்பம்போல் வரைய விட்டுவிடுங்கள். அந்த ஆசை தீராமல் எழுத்து வராது. பிறகு அழித்துவிட்டு "எழுதுங்க". பத்து எண்ணியதும் "காட்டுங்க", எல்லாரும் ஒரே நேரத்தில் முகவாய் உயரத்தில். "வைங்க" என்றதும் மூடி மாட்டும் சத்தம் கேட்க வேண்டும். அதுவரை அடுத்த சொல்லைத் தராதீர்கள். திரும்ப வாங்கும்போது மார்க்கர்தான் முதலில்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு மணி நேரப் பாடமென்றால் ஐந்தாறு துண்டாக வெட்டி, இரண்டு துண்டிலாவது பிள்ளைகள் எழுந்து நடமாடட்டும். ஸ்டிக்கர் கொடுப்பதானால் மேசைக்குக் கொடுங்கள். தனியாளுக்குக் கொடுத்தால் வழக்கமாக வாங்கும் நான்கு பேரே வாங்கிக்கொண்டிருப்பார்கள். குறும்பு செய்தவர் பெயரைப் பலகையில் எழுதுவதும், திரையில் எல்லாரும் பார்க்கப் புள்ளிகளைக் கழிப்பதும் வேண்டாம். பல வகுப்புகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முன்னால் "குறும்புக்காரன்" என்று பெயர் வாங்கிய பிள்ளை, அந்தப் பெயரைக் காப்பாற்றவே முயலும்.

கழிவறை அனுமதி தொற்றிக்கொள்ளும். ஒரு பிள்ளை கேட்டால் அடுத்து ஐவர் கேட்பார்கள். கதவருகே ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, அது இருந்தால்தான் போகலாம் என்று வையுங்கள். நெளிந்துகொண்டிருக்கும் பிள்ளையை மட்டும் விதி பார்க்காமல் உடனே அனுப்புங்கள். இடைவேளையைப் பிடித்துவைப்பதைத் தண்டனையாக்காதீர்கள். புதிதாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு கேண்டீனில் வரிசையில் நின்று, சில்லறை எண்ணி, வாங்கிச் சாப்பிடவே அரை மணி நேரம் பற்றாது. அதையும் பறித்தால் அடுத்த பாடத்துக்குப் பசியோடும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் வரும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பிள்ளை தொடர்ந்தால், பாடத்தை நிறுத்தாமல் நடந்து போய் அருகில் நில்லுங்கள். பல வேளை அதுவே போதும். போதாவிட்டால் மேசையில் விரலால் தொட்டுக் காட்டுங்கள். அடுத்து, குனிந்து காதோரம் ஒரே வாக்கியம்: "இங்கேயே எழுதுறியா, முன்னால வந்து எழுதுறியா?" இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானதாக இருக்க வேண்டும். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தலைக்கு மேல் நின்றுகொண்டு பதிலுக்குக் காத்திருந்தால் பிள்ளை உங்களுக்குப் பணிவதா, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முன் ஜெயிப்பதா என்ற நிலைக்கு வந்துவிடும். இடம் மாற்ற வேண்டி வந்தால் மாற்றுங்கள். பாடம் முடிந்து மற்றவர்கள் வரிசையில் நிற்கும்போது இரண்டு நிமிடம் தனியாகப் பேசுங்கள்.

ஒரே பிள்ளையிடம் திரும்பத் திரும்ப நடந்தால் எழுதிவையுங்கள். நாள், நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது. மூன்று நான்கு பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். எழுத்து வேலை வரும்போதெல்லாம் நடக்கிறது, அல்லது உடற்கல்விக்கு அடுத்த பாடத்தில் மட்டும் நடக்கிறது. எழுத்து வேலையின்போது வெளியே அனுப்பப்படும் பிள்ளைக்கு அது தண்டனையாகாது, வேண்டியது கிடைத்ததாகத்தான் ஆகும்.

சில பிள்ளைகளுக்குக் கூடுதல் ஆதரவு தேவை. தொடக்கநிலை 1இல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளச் சிரமப்படும் பிள்ளைகளுக்காக டிரான்சிட் என்ற திட்டம் கல்வி அமைச்சிடம் இருக்கிறது. சிறப்புத் தேவை ஆதரவு அதிகாரி அந்தப் பிள்ளைக்குப் அன்றைய வேலைகளைப் படமாகக் காட்டும் அட்டவணையும், ஓய்வு வேண்டும்போது காட்டும் அட்டையும் கொடுத்துப் பழக்கியிருக்கலாம். அவை வகுப்பாசிரியர் மேசையிலேயே தங்கிவிட்டால், அறை மாறி வரும் தமிழ் வகுப்பில் அந்தப் பிள்ளை ஊன்றுகோல் இல்லாமல் நிற்கிறது. இடமாற்றமே மிகக் கடினமான பிள்ளைக்கு நம் வகுப்புதான் நாள்தோறும் வரும் இடமாற்றம். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் கேளுங்கள்: யாருக்கு அட்டை இருக்கிறது, என்ன சொல்லி அமைதிப்படுத்துகிறீர்கள், எதைச் செய்யக்கூடாது. அதே அட்டையின் நகலையும் அதே சொல்லையும் பயன்படுத்துங்கள். தமிழில் மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு முதல் அழைப்பு நல்ல செய்தியோடு போகட்டும், இரண்டாம் வாரத்துக்குள். "இன்னைக்கு வரிசையில முதல் ஆளா நின்னான்மா" என்ற ஒரு வரி போதும். புகார் சொல்ல வேண்டி வந்தால், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்: "பென்சில் தர்றியா" என்று கேட்க இரவு ஐந்து நிமிடம் விளையாட்டாகப் பழக்குங்கள், புத்தகப்பையைச் சேர்ந்து அடுக்குங்கள். வழி சொல்லாமல் "உங்க பிள்ளை அடங்கலை" என்று மட்டும் சொன்னால், சில வீடுகளில் அன்றிரவு பிரம்பு வெளியே வரும். மறுநாள் அந்தப் பிள்ளை தமிழ் வகுப்புக்கு எந்த மனத்தோடு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்ப் பிரிவுப் பொறுப்பாளர்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. தொடக்கநிலை 1ஐப் புதியவரிடமோ தற்காலிக ஆசிரியரிடமோ கொடுக்க நேர்ந்தால், ஜனவரியின் முதல் இரண்டு வாரம் வாசலில் இன்னொருவரை நிறுத்துங்கள். தாழ்வாரத்தையும் அறையையும் ஒருவரே பார்ப்பது அப்போதுதான் மிகக் கடினம். கால அட்டவணை முடிவாகுமுன், தொடக்கநிலை 1இன் தமிழ்ப் பாடம் உடற்கல்விக்கு அடுத்ததாக விழாமலும், அறை பிள்ளைகளின் வகுப்புகள் உள்ள தளத்திலேயே இருக்கும்படியும் கேட்டுப் பெறுங்கள். கேட்பவருக்குத்தான் கிடைக்கிறது. இந்த ஆண்டு தொடக்கநிலை 1ஐ நடத்தியவர், அதே பிள்ளைகளைத் தொடக்கநிலை 2இல் ஏற்பவருக்கு நவம்பரிலேயே இரண்டு பக்கக் குறிப்பு கொடுக்கட்டும்: கவன அழைப்பு எது, கட்டளைச் சைகைகள் என்னென்ன, யார் யாரைப் பிரித்து உட்கார வைக்க வேண்டும், யாருக்கு எந்த அட்டை, எந்தப் பெற்றோரை எந்த நேரத்தில் அழைத்தால் பேச முடியும். புதியவர் பள்ளிக்கு வந்த பிறகு தேடி அலையாமல், டிசம்பர் விடுமுறை தொடங்குமுன் அது அவர் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொடக்கநிலைத் தமிழ் வகுப்புகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் சிலர்
சிங்கப்பூர்